31 பிகோ நொடியில் திரும்பும் எதிரொலி

நூறு நானோமீட்டர் தடிமனுள்ள அலுமினியப் படலத்தின் மேற்பரப்பில் ஒரு தட்டுத் தட்டினால், அந்த அதிர்வு அடிவரை போய் மோதித் திரும்ப 31 பிகோ நொடி ஆகும். அலுமினியத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 6,400 மீட்டர் வேகத்தில் போகிறது. போக வர 200 நானோமீட்டர். வகுத்துப் பார்த்தால் இந்த எண் வந்துவிடும். பிகோ நொடி என்பது ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இந்த எதிரொலியைப் பிடித்து, அது வந்த நேரத்தை அளந்து, படலத்தின் தடிமனைச் சொல்லும் கருவிகள் இன்று சிப் தொழிற்சாலைகளில் அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கின்றன.

என் பிழைப்பும் எதிரொலிதான். பற்றவைத்த எஃகுத் தகடுகளையும் குழாய்களையும் அல்ட்ராசோனிக் முறையில், அதாவது காதுக்குக் கேட்காத மீயொலியால், சோதிக்கும் தொழில். தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் துருவையும் வெல்டிங் தெறிப்பையும் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு, கிரீஸ் தடவி, ஒலியை அனுப்பி வாங்கும் புரோபை வைத்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துவோம். திரையின் இடது ஓரத்தில் ஒரு முள் நிற்கும். அது அலை கிளம்பிய இடம். வலப்பக்கம் இன்னொரு முள், தகட்டின் அடிப்பக்கத்திலிருந்து திரும்பிய எதிரொலி. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று தலைதூக்கினால் கை நின்றுவிடும். உள்ளே கசடு மாட்டியிருக்கலாம், உலோகம் உருகிச் சேராமல் விட்டிருக்கலாம், விரிசலாகவும் இருக்கலாம். புரோபை லேசாகத் திருப்பும்போது அந்த முள் எப்படி எழுகிறது, எப்படிச் சரிகிறது என்பதை வைத்துத்தான் எது என்று சொல்ல வேண்டும். அலையை உள்ளே அனுப்புவது பொத்தான் வேலை. திரும்பி வருவதைக் கேட்பதில்தான் தொழில் இருக்கிறது. நானோ அளவு மீயொலியைப் பற்றிப் படிக்கப் படிக்க, அங்கேயும் கதை அதுதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. லேசரால் ஒலி எழுப்பியதைத்தான் எல்லாரும் வியந்து எழுதுகிறார்கள். அந்த ஒலியைக் கேட்டதுதான் பெரிய சாதனை.

எங்கள் புரோபுக்குள் இருப்பது அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பீங்கான் வில்லை. மின்னழுத்தம் கொடுத்தால் அது அதிரும், அதிர்ந்தால் மின்னழுத்தம் தரும். பேசும் வாயும் கேட்கும் காதும் ஒன்றே. இந்த அழுத்தமின் விளைவை 1880-இல் பாரிஸில் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் குவார்ட்ஸ், டூர்மலின் போன்ற படிகங்களில் கண்டார்கள். படிகத்தை அழுத்தினால் மின்னூட்டம் பிறக்கிறது என்பதே அவர்கள் கண்டது. மின்சாரம் கொடுத்தால் படிகம் உருமாற வேண்டும் என்று அடுத்த ஆண்டே இயற்பியலாளர் லிப்மன் கணக்குப் போட்டுச் சொன்னார். கியூரி சகோதரர்கள் சோதித்துப் பார்த்து அதையும் உறுதி செய்தார்கள்.

எங்கள் வில்லை நொடிக்கு 40 லட்சம் தடவை, அதாவது 4 மெகாஹெர்ட்ஸில், அதிர்கிறது. எஃகில் அந்த ஒலியின் அலைநீளம் ஒன்றரை மில்லிமீட்டர். இதில் பாதிக்கும் கீழே உள்ள குறைகள் எங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். கடலில் நட்ட ஒற்றை மூங்கிலை அலை பொருட்படுத்துவதில்லை, அணைத்துக்கொண்டு கடந்து போய்விடும். அப்படித்தான். சின்னதைப் பார்க்கச் சின்ன அலை வேண்டும். நானோமீட்டர்ப் படலங்களைப் பார்க்க அலைநீளம் 60 நானோமீட்டர் அளவுக்கு இறங்க வேண்டுமென்றால், அதிர்வெண்ணை 25,000 மடங்கு கூட்டி 100 ஜிகாஹெர்ட்ஸுக்குப் போக வேண்டும்.

வில்லையை மெலிதாக்கினால் அதிர்வெண் கூடும். இந்த வழியில் வெகுதூரம் போகலாம், போயும் இருக்கிறார்கள். நம் கைப்பேசிக்குள் அலைவரிசைகளைப் பிரிக்கும் வடிகட்டிகளில் பல, அலுமினியம் நைட்ரைடு என்ற அழுத்தமின் பொருளின் மென்படலங்கள். ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் தடிமனில் அவை நொடிக்கு இருநூறு கோடி தடவைக்கு மேல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஜிகாஹெர்ட்ஸ் ஒலி இருக்கிறது! 1950-களின் இறுதியிலேயே பெல் ஆய்வகத்தில் போமலும் டிரான்ஸ்ஃபெல்டும் குவார்ட்ஸ் தண்டின் நுனியை மைக்ரோஅலைப் புலத்தில் வைத்து ஜிகாஹெர்ட்ஸ் மீயொலியை எழுப்பிவிட்டார்கள்.

நூறு ஜிகாஹெர்ட்ஸில் வேறு சிக்கல் வருகிறது. நாற்பது நானோமீட்டர் தடிமனில் ஓர் அழுத்தமின் படலத்தை வளர்த்துவிடலாம். அதற்கு மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? அந்த வேகத்தில் கம்பி கம்பியாக நடந்துகொள்ளாது. இணைப்புகளின் மின்தேக்குத் திறனே சமிக்ஞையை விழுங்கிவிடும். புரோபுக்கும் பொருளுக்கும் நடுவே நாங்கள் தடவும் கிரீஸ் போன்ற எதையும் இங்கே நினைத்தே பார்க்க முடியாது. சில நூறு நானோமீட்டர் கிரீஸே அந்த அலையைத் தின்று தீர்த்துவிடும். ஆகவே கம்பியும் கூடாது, கிரீஸும் கூடாது. ஒலி பொருளுக்குள்ளேயே பிறக்க வேண்டும். அதைப் பிறப்பிக்கிற கை வெளியே, தொடாமல் இருக்க வேண்டும். ஒளியைத் தவிர வேறு எதனால் இது முடியும்?

ஒளி பட்டால் பொருள் ஒலிக்கும் என்பதும் 1880-இன் கண்டுபிடிப்புதான். அமெரிக்காவில் அலெக்சாண்டர் கிரஹாம் பெல், தம் உதவியாளர் டெய்ன்டருடன் சேர்ந்து, விட்டு விட்டு விழும் சூரிய ஒளியில் திடப்பொருள்கள் ஒலி எழுப்புவதைக் கேட்டார். அழுத்தமின் விளைவும் இதுவும் ஒரே ஆண்டில் பிறந்து, நூறாண்டுக்கு மேல் தனித்தனியாக வளர்ந்து, கடைசியில் ஒரே படிகத்துக்குள் சந்தித்தன. இந்தச் சந்திப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

லேசர் வந்த பின், 1963-இல் வைட் என்பவர், பரப்பைக் கணநேரம் சூடாக்கினால் மீள் அலைகள், அதாவது பொருளுக்குள் ஓடும் ஒலி அலைகள், பிறக்கும் என்பதை முறையாக விளக்கினார். பிகோ நொடி லேசர்கள் கைக்கு வந்ததும், 1984-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஹம்ஃப்ரி மாரிஸ், யான் டவுட்ஸ், கிறிஸ்டியன் டாம்சன் குழுவினர் அடுத்த அடியை வைத்தார்கள். ஆர்செனிக் டெல்லுரைடு போன்ற மென்படலங்களில் லேசர்த் துடிப்பால் அலையை எழுப்பி, அது படலத்துக்குள் முன்னும் பின்னும் மோதி ஓடுவதை லேசர்த் துடிப்பாலேயே பார்த்தார்கள். பிகோ நொடி மீயொலியியல் என்ற துறை அங்கே தொடங்கியது.

எழுப்பும் பகுதி எளிது. பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு நொடிக்கும் வெகு குறைவான நேரமே நீடிக்கும் ஓர் ஒளித்துடிப்பு அலுமினியத்தின் மேல் விழுகிறது. மேல்தோலில் பத்து நானோமீட்டர் அளவுக்குள்ளேயே ஒளி உறிஞ்சப்பட்டுவிடும். அந்த இடம் ஒரு ஐந்து டிகிரி சூடேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரிய வேண்டும், ஆனால் அணுக்கள் நகர்வதற்குள் துடிப்பு முடிந்துவிட்டது. பக்கவாட்டில் விரிய இடமில்லை, ஏனென்றால் ஒளி விழுந்த வட்டம் அதன் ஆழத்தைவிடப் பல நூறு, பல ஆயிரம் மடங்கு அகலம். ஆகவே செங்குத்தாக மட்டும் தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் சில பத்து நானோமீட்டர் நீளமுள்ள திரிபு (பொருள் அமுங்கியோ இழுபட்டோ உருமாறுவது) அலையாக உள்ளே இறங்குகிறது. நீளத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாற்றம்; அவ்வளவுதான் அதன் வலு.

இனி அதைக் கேட்க வேண்டும். அலை திரும்பி வந்து மேற்பரப்பை முட்டும்போது பரப்பு ஒன்றிரண்டு பிகோமீட்டர் எழும்பும். ஓர் அணுவின் விட்டத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. இதை அளக்க எந்த மின்னணுக் கருவிக்கும் அந்த வேகம் இல்லை. மாரிஸ் குழு செய்தது வேறு. உலோகத்துக்குள் திரிபு வந்தால் அதன் ஒளிவிலகல் எண் கொஞ்சம் மாறும், அதனால் அது எதிரொளிக்கும் ஒளியின் அளவும் மாறும். எனவே முதல் துடிப்பு தட்டிய பின், கொஞ்சம் தாமதித்து, வலுக்குறைந்த இரண்டாவது துடிப்பு ஒன்றை அதே இடத்துக்கு அனுப்பி, எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தார்கள். இரண்டு துடிப்புகளும் ஒரே லேசரிலிருந்து பிரிந்தவை. தாமதம் தருவது ஒரு கண்ணாடி. ஒரு தண்டவாளத்தின் மேல் அந்தக் கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் பின்னே தள்ளினால், ஒளி போக வர 0.3 மில்லிமீட்டர் கூடுதலாக நடக்க வேண்டும்; அதற்கு ஒரு பிகோ நொடி ஆகும். தொடக்கத்தில் சொன்ன 31 பிகோ நொடி எதிரொலியைச் சந்திக்கக் கண்ணாடியை 4.65 மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும். நேரத்தை அடிக்கோலால் அளக்கிறார்கள்!

திரும்பும் ஒளியில் ஏற்படும் மாற்றம் லட்சத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் கீழே. ஒரு தடவை பார்த்தால் ஒன்றும் தெரியாது. டைட்டானியம் சஃபயர் லேசர் நொடிக்கு எட்டுக் கோடித் துடிப்புகளைத் தரும். அதே தட்டு, அதே எதிரொலி, அதே அளவீடு, கோடிக்கணக்கில் திரும்பத் திரும்ப. கூடவே, தட்டும் ஒளியை நொடிக்குப் பத்து லட்சம் தடவை என்ற கணக்கில் மறைத்துத் திறந்து, திரும்பி வருவதில் அந்தத் தாளத்தோடு ஒத்துப்போகும் பகுதியை மட்டும் சலித்து எடுக்கிறார்கள்.

ஒளியை அப்படி மறைத்துத் திறக்கும் பொறி பெரும்பாலும் ஒலியால் இயங்குகிறது. ஒரு கண்ணாடிக் கட்டியின் பக்கத்தில் அழுத்தமின் வில்லையை ஒட்டி மீயொலியைச் செலுத்தினால், உள்ளே நெருக்கமும் தளர்வுமாக வரிகள் விழும். ஒளி அந்த வரிகளில் பட்டுத் திசை மாறும். மீயொலி ஒளியைச் சிதறடிப்பதை 1932-இல் அமெரிக்காவில் டெபையும் சியர்ஸும், பிரான்சில் லூக்காவும் பிகாரும் தனித்தனியே கண்டார்கள். அந்த ஒளிக்கோலங்கள் ஏன் அப்படி அமைகின்றன என்பதற்கு 1935, 1936-இல் பெங்களூரிலிருந்து அடுத்தடுத்து வந்த கட்டுரைகளில் கணித விளக்கம் தந்தவர்கள் சி.வி. ராமனும் நாகேந்திர நாத்தும். திருச்சியில் பிறந்தவரின் பெயர் ராமன் விளைவோடு மட்டும் சேர்த்துச் சொல்லப்படுவது எனக்கு எப்போதும் குறையாகவே படும். ஒலியும் ஒளியும் ஒன்றையொன்று தொடும் இடத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக யோசித்தவர்கள் அந்தக் காலத்தில் வெகு சிலர்.

சிப் தொழிலுக்கு இந்த முறை ஏன் உயிர்நாடி ஆனது என்பது எளிதில் புரியும். சிப்புக்குள் இணைப்புகளாக ஓடும் செம்பு, டங்ஸ்டன், அலுமினியப் படலங்களுக்குள் ஒளி போகாது, எனவே ஒளியால் தடிமன் அளக்கும் வழக்கமான முறைகள் அங்கே கை விரித்துவிடும். வெட்டி எடுத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தச் சிலிக்கன் தகடு வீண். ஒலி உலோகத்துக்குள் தாராளமாகப் போகும், ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து படலங்கள் இருந்தாலும் ஒவ்வொரு எல்லையிலிருந்தும் தனி எதிரொலி வரும். பிரவுன் பல்கலைக்கழகத்தின் உரிமத்தில் ருடால்ஃப் டெக்னாலஜீஸ் நிறுவனம் இதைக் கருவியாக்கி விற்றது. அந்த நிறுவனம் 2019-இல் நானோமெட்ரிக்ஸுடன் இணைந்து ஆன்ட்டோ இன்னொவேஷன் ஆனது.

உலோகத்தில் இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது, அழுத்தமின் பொருள்கள் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தன. நீல நிற எல்.இ.டி. விளக்குக்குள் இருப்பது காலியம் நைட்ரைடும் இண்டியம் காலியம் நைட்ரைடும் மாறி மாறி அடுக்கிய நானோமீட்டர்ப் படலங்கள். இரண்டின் அணு இடைவெளியும் ஒத்துப்போகாது. ஆகவே நடுவில் மாட்டிய இண்டியம் படலம் எந்நேரமும் இழுபட்டு அமுங்கியே இருக்கும். அழுத்தமின் பொருள் அமுங்கினால் மின்புலம் பிறக்கும் அல்லவா? அந்த மெல்லிய படலத்துக்குள் சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் வோல்ட் என்ற அளவில் ஒரு புலம் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. விளக்குச் செய்பவர்களுக்கு அது தலைவலி. எலக்ட்ரானையும், எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடமான துளையையும் அது எதிரெதிர்ச் சுவருக்குத் தள்ளிவிடுவதால் அவை சேர்ந்து ஒளி தருவது குறைந்துபோகும்.

தேசிய தைவான் பல்கலைக்கழகத்தின் சி-குவாங் சுன் குழுவுக்கு அந்தத் தலைவலியே மருந்தாயிற்று. 2000-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், இந்த அடுக்குகளின் மேல் மிகக் குறுகிய லேசர்த் துடிப்பு விழுகிறது. உள்ளே எலக்ட்ரான்களும் துளைகளும் பிறக்கின்றன. குடியிருந்த புலம் அவற்றை இரண்டு பக்கமும் பிரித்து இழுக்கிறது. பிரிந்த மின்னூட்டங்கள் சேர்ந்து அந்தப் புலத்தையே ஓரளவு அழித்துவிடுகின்றன. புலம் திடீரென்று குறைந்தால் அதோடு கட்டுண்டிருந்த அணுக்களின் நிலையும் மாறியாக வேண்டும். எல்லாப் படலங்களும் ஒரே கணத்தில் குலுங்குகின்றன. படலங்களின் இடைவெளி எதுவோ அதுவே பிறக்கும் ஒலியின் அலைநீளம். பத்து நானோமீட்டர் இடைவெளியென்றால், காலியம் நைட்ரைடில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 8,000 மீட்டர் போவதால், அதிர்வெண் 0.8 டெராஹெர்ட்ஸ், அதாவது 800 ஜிகாஹெர்ட்ஸ். படிகத்தை வளர்க்கும்போதே சுருதியைத் தீர்மானித்துவிடலாம்.

கேட்பதும் அதே படலங்கள்தான். ஒலி அவற்றைக் கடக்கும்போது திரிபு மாறுகிறது, திரிபு மாறினால் உள்ளே இருக்கும் மின்புலம் மாறுகிறது, புலம் மாறினால் அந்தப் படலம் ஒளியை உறிஞ்சும் அளவு மாறுகிறது. பின்னால் வரும் லேசர்த் துடிப்பு அந்த மாற்றத்தைப் படித்துவிடும். அலுமினியம் பரப்பைத் தொடும் அலையை மட்டும் மங்கலாகக் காட்டியது. இங்கே அலையின் அளவுக்கே செய்த காது, அலை போகும் பாதையிலேயே இருக்கிறது. என் புரோபின் பீங்கான் வில்லை செய்யும் இரட்டை வேலையை, கம்பி இல்லாமல், பத்து நானோமீட்டரில் செய்கிறது. இதே குழு 2006-இல் இந்த அலைகளை வைத்து, மேற்பரப்புக்குக் கீழே மறைந்திருந்த நானோ வடிவங்களின் இருபரிமாணப் படத்தையும் எடுத்துக் காட்டியது.

2009-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஆம்ஸ்ட்ராங், இவான் ரீட் முதலியோர் காட்டிய வழி இன்னும் நேரடியானது. ஒலி அலை அலுமினியம் நைட்ரைடும் காலியம் நைட்ரைடும் சந்திக்கும் எல்லையைக் கடக்கிறது. இரண்டும் அழுத்தமின் பொருள்கள்தாம், ஆனால் ஒரே திரிபுக்கு இரண்டும் தரும் மின்முனைவாக்கம் (நேர், எதிர் மின்னூட்டங்கள் விலகி நிற்கும் அளவு) வேறு. அதனால் எல்லையில் அலை தாண்டும் அந்தக் கணத்தில் ஒரு மின்னோட்டம் துடிக்கிறது. துடிக்கும் மின்னோட்டம் ஆன்டெனாவைப் போல அதே அதிர்வெண்ணில் டெராஹெர்ட்ஸ் கதிர்வீச்சை வெளியே வீசுகிறது. எட்டு நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒலி, 300 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள மின்காந்த அலையாக மாறி வெளியே வந்து தன் கதையைச் சொல்கிறது. வடிவம் மாறவில்லை, நீளம் மட்டும் 37,500 மடங்கு பெருத்துவிட்டது. கதிர்வீச்சு எப்போது வந்தது என்று பார்த்தால் எல்லை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நான் படித்தவற்றுள் என் மனத்தை முழுதாக ஆட்கொண்டது இந்தச் சோதனைதான். கேட்பதற்காக எதையும் உள்ளே அனுப்ப வேண்டியதில்லை. எல்லையே வாய்திறந்து சொல்கிறது.

இந்த அலைகளுக்குப் பெரிய பலவீனம் ஒன்று உண்டு, தூரம் போகாது. நீரில் ஒலியின் இழப்பு அதிர்வெண்ணின் இருமடியாகக் கூடும். 1 ஜிகாஹெர்ட்ஸில் 40 மைக்ரோமீட்டர் போனால் வீச்சு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறையும். 10 ஜிகாஹெர்ட்ஸில் அதே இழப்புக்கு 0.4 மைக்ரோமீட்டரே போதும். உயிர்ச்செல்களைப் பார்ப்பவர்கள் ஆகவே 5 ஜிகாஹெர்ட்ஸ் அளவில் நிற்கிறார்கள். பிரான்சின் போர்தோவில் 2008-இல் வெங்காயச் செல்லில் இதைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செல்களுக்குச் சாயம் ஏற்றாமல், ஒலியின் வேக வேறுபாட்டை மட்டும் கொண்டு அவற்றின் உள்ளமைப்பைப் படமாக்குகிறார்கள். மற்றொரு குறை, ஆழத்தில் நானோமீட்டர் துல்லியம் கிடைத்தாலும் பக்கவாட்டில் லேசர் வட்டத்தின் அகலமான ஒரு மைக்ரோமீட்டருக்குள் எல்லாம் கலங்கிவிடுவது.

என் தொழிலில் எங்களை அதிகம் ஏமாற்றுவது விரிசல் அல்ல. இரண்டு பரப்புகள் ஒட்டியதுபோல நெருங்கித் தொட்டுக்கொண்டிருக்கும், உண்மையில் பிடிப்பு இருக்காது. பசை போட்டு ஒட்டிய மூட்டுகளில் இது அதிகம். எங்கள் மெகாஹெர்ட்ஸ் அலை அந்தத் தொடுகையை நல்ல ஒட்டு என்றே எடுத்துக்கொண்டு கடந்துவிடும், முள் எழாது. தளர்ந்த ஒட்டு ஒரு வில்சுருளைப் போல நடந்துகொள்ளும். மெதுவாக அதிரும் அலையை அது அப்படியே விட்டுவிடும், வேகமாக அதிரும் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். அதிர்வெண்ணை உயர்த்த உயர்த்தத்தான் பொய்யான ஒட்டு எதிரொலிக்கத் தொடங்கும். நூறு ஜிகாஹெர்ட்ஸ் அலை என் தகடுகளுக்குள் ஓரிரு மைக்ரோமீட்டர்கூடச் சரியாக இறங்காது. ஆனால் சிலிக்கன் மேல் படிந்த உலோகப் படலம் உண்மையிலேயே பிடித்திருக்கிறதா, சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பதை எதிரொலியின் உயரத்தையும் அது எவ்வளவு விரைவில் தேய்கிறது என்பதையும் வைத்து அதனால் சொல்லிவிட முடிகிறது.